டத்தோவுக்குப் போர்த்திய பொன்னாடை

சாமி இல்லாமல்கூட நாங்கள் திருவிழா நடத்திவிடுவோம். டத்தோ இல்லாமல் நடத்த மாட்டோம். மலேசியத் தமிழர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். டத்தோ என்பது மாநில அரண்மனையில் கொடுக்கும் பட்டம். பட்டம் வாங்கியவருக்கு அதனால் என்ன லாபமோ தெரியாது, எங்களுக்கு ஒரு சிறப்பு விருந்தினர் கிடைத்துவிடுவார். பள்ளி விளையாட்டுப் போட்டியோ, நடன அரங்கேற்றமோ, கோயில் கழிவறைக்குப் புது ஓடு பதித்த விழாவோ, எதுவானாலும் முன்வரிசை சோபாவில் ஒரு டத்தோ உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்தில் மாலை விழ வேண்டும், தோளில் பொன்னாடை விழ வேண்டும். அவர் தாமதமாக வந்ததற்கு நாங்கள் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். (அவர் கேட்பதில்லை.)

இந்த வழக்கத்தால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒரு முறை, ஒரு விமான நிறுவனத்தில் விமானிகள் நடத்திய சம்பளப் பேச்சுவார்த்தை இதனால் கவிழ்ந்தது. கவிழ்த்தவன் நான்.

நான் துணை விமானி. ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்திலிருந்து ஒரு பையன் விமானி ஆகிவிட்டால் ஊரில் அவனைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பரவும். ஒன்று, அவனிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு, தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும் அதை ஓட்டுவது அவன்தான். என் அம்மா பல நாள் சரக்கு விமானத்துக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார்.

கோவிட் வந்தபோது இந்த இரண்டு நம்பிக்கைகளும் அடி வாங்கின. விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. நிறுவனம் எங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் வெட்டியது. பிறகு ஆட்களையும் வெட்டியது. வேலைக்குச் சேர்ந்த வரிசையில் கடைசியிலிருந்து எண்ணி, ஓர் இடத்தில் கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நான் இருந்தேன். சற்றுக் கீழே நசீர் இருந்தான்.

நசீரும் நானும் ஒன்றாகப் பறக்கப் படித்தவர்கள். அவனுடைய வாப்பா கோலா கிளாவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையை அடகு வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்தார். நாங்கள் வேலையில் சேர்ந்ததும் ஒரே நாள். அன்று அவன் காரில்தான் இருவரும் போனோம். வாசலில் என்னை இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடி அவன் போனான். அவன் திரும்பி வருவதற்குள் நான் வரிசையில் நின்று பதிவு செய்துவிட்டேன். அவனுக்கு முன்னால் வேறு சிலர் புகுந்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

விமானிக்கு வேலை போனால் வேலை மட்டும் போகாது. பறக்காமல் இருக்க இருக்க அவனுடைய உரிமமும் சாகத் தொடங்கும். அதை உயிரோடு வைத்திருக்க, சிமுலேட்டர் என்கிற பொய் விமானத்தில் ஏறிக் குறித்த காலத்துக்குள் தேர்வு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையில் இருந்தால் நிறுவனம் செலவு செய்யும். சொந்தச் செலவு என்றால் இன்னொரு கடையை அடகு வைக்க வேண்டும். நசீரிடம் இன்னொரு கடை இல்லை. நிறுவனம் சீக்கிரம் திரும்பக் கூப்பிட்டால் அவன் மறுபடி பறக்கலாம். கூப்பிடாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியதும் எங்கள் சங்கம் நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகளை வைத்தது. வெட்டிய சம்பளத்தைப் பழையபடி கொடுக்க வேண்டும். புதிதாக ஆள் எடுக்கும் முன் வேலை போனவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். நிர்வாகத்துக்கு முதலாவது கசந்தாலும் விழுங்கிவிடக் கூடியது. இரண்டாவது தொண்டையிலேயே இறங்கவில்லை. பழைய ஆளை எடுத்தால் பழைய சம்பளம், புது ஆளை எடுத்தால் புது ஒப்பந்தம், மலிவு.

பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைவர் கேப்டன் சேவியர். லிங்கிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், நிறுவனத்தின் மூத்த விமானிகளில் ஒருவர், அதிகம் பேசாதவர். என்னை அவர்தான் குழுவில் சேர்த்தார்.

"நீ தோட்டத்துப் பையன். யூனியன் ரத்தம் ஓடும்" என்றார்.

என் அப்பா மண்டோர். அதாவது வேலைக்காரர்களை மேய்க்கிற மேஸ்திரி. அவர் உடம்பில் யூனியன் ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. 'சரிங்க தொரை'தான் ஓடியது. இதை நான் சேவியரிடம் சொல்லவில்லை. குழுவில் சேர்ந்த பெருமையில் வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

முதல் கூட்டத்துக்கு முன் அவர் எங்களை உட்கார வைத்து இரண்டே விஷயம் சொன்னார்.

"ரெண்டு கோரிக்கையும் ஒண்ணாத்தான் போகணும். சம்பளம் தரேன்னு சொன்னா யாரும் பல்லக் காட்டக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. வேலை போன பசங்களையும் எடுத்தப்புறம்தான் நன்றி. இன்னொண்ணு, இது முடியிற வரைக்கும் அவங்க ஆளுங்ககூட வெளிய ஒரு தே தாரே டீகூடக் குடிக்கக் கூடாது. அவங்க வாங்கிக் கொடுத்தாலும் சரி, நாம வாங்கிக் கொடுத்தாலும் சரி. புரியுதா லா?"

எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவன் நான்தான்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் மனிதவளப் பிரிவின் தலைவர். டத்தோ. தமிழர். தோட்டத்துக் கிராணியின் மகன். கிராணி என்றால் தோட்ட அலுவலகத்தில் பேர் பதிந்து சம்பளம் போடுகிறவர். துரைக்கு அடுத்தபடி ஜனங்கள் பயந்தது அவருக்குத்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் ஜனங்களின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், ஆஹா, நம்ம ஆள், தமிழில் பேசினால் மனம் இளகுவார் என்பதுதான்.

பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. சம்பளத்துக்கு அவர்கள் மெல்ல இறங்கி வந்தார்கள். ஆட்கள் விஷயத்தில் மட்டும் சுவர். நசீர் அடிக்கடி போன் செய்து, "என்ன மச்சான், என்ன சொல்றாங்க" என்பான். நான் ஒவ்வொரு முறையும் "ஆயிரும்டா" என்பேன். அவனுடைய உரிமம் காலாவதியாகிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் கடையில் பரோட்டா வீசப் பழகிக்கொண்டிருந்தான். கை நன்றாக வருகிறது என்று அவனே சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா போன் செய்தார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். தோட்டத்தில் இப்போது குலை அறுப்பதெல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள். எங்கள் ஆட்கள் ரந்தாவில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் கார் பிடித்து வருவார்கள்.

"ஒய்.பி. வர முடியாதாம்டா. அவருக்கு அன்னிக்கு இன்னும் மூணு கோயிலாம்" என்றார். ஒய்.பி. என்றால் சட்டமன்ற உறுப்பினர்.

"அப்ப அவரு இல்லாமலே நடத்துங்கப்பா."

"என்ன பேச்சு பேசுற நீ? பேனர் அடிச்சாச்சு. சிறப்பு விருந்தினர்னு போட்டு, மூஞ்சிக்கு எடம் விட்டு அடிச்சிருக்கோம். வெறும் வட்டத்தையா தொங்கவிடுறது?"

அப்பா தொடர்ந்தார்.

"உன் கம்பெனியில ஒரு டத்தோ இருக்காரு, தமிழ் ஆளுன்னு சொன்னியே."

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. (வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளிலேயே பெரியது. அதற்குப் பிறகு யோசிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.) டத்தோவைக் கோயிலுக்கு அழைத்து வருகிறோம். மாலை, மரியாதை, வாழையிலைச் சாப்பாடு. மனிதர் குளிர்ந்துபோகிறார். அந்தக் குளிர்ச்சியில் நசீரை அவர் முன்னால் நிறுத்துகிறோம். ஒரு முகத்தை நேரில் பார்த்துவிட்டால் கல்நெஞ்சம்கூடக் கரையும். திங்கட்கிழமை பேச்சுவார்த்தையில் அவரே, "சரி, அந்தப் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்ளலாம்" என்பார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாகக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பேன். அந்தத் தண்ணீரை எந்தக் கையால் ஊற்றுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தின் இடைவேளையில், காப்பி இயந்திரத்தின் அருகே டத்தோவைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"ரந்தாவா? எங்கப்பா அந்தப் பக்கம்தான் கிராணியா இருந்தாரு. கண்டிப்பா வரேன் தம்பி" என்றார். பிறகு கோப்பையைக் கலக்கிக்கொண்டே, "உங்க கேப்டனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இது குடும்ப விஷயம் டத்தோ."

"ரொம்ப நல்லது" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எங்கள் சாமிமேல் அவருக்கு இருந்த பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

நசீருக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வா. நல்ல சட்டையா அயர்ன் பண்ணிப் போட்டுக்க. பரோட்டா வாசம் வராம வா" என்றேன்.

"கோயில்ல எனக்கு என்னடா வேலை?"

"நிக்கிறதுதான் வேலை. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை டத்தோ சொன்ன நேரத்துக்கு வந்தார். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் சரித்திரத்தில் எந்த டத்தோவும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. வரவேற்கப் போகிறவர்கள் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கூடவே ஓர் ஆளும் வந்திறங்கினான். கழுத்தில் பெரிய கேமரா, மார்பில் நிறுவனத்தின் சின்னம். கோயில் திருவிழாவுக்கு மனிதவளப் பிரிவு எதற்குக் கேமராக்காரனைக் கூட்டி வருகிறது என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டேன்.

கூடாரத்தின் ஓரத்தில் நசீர் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, விறைப்பான கஞ்சி. கூட்டிக்கொண்டு போய் டத்தோ முன்னால் நிறுத்தினேன்.

"டத்தோ, இது நசீர். என்கூடப் படிச்சவன். நல்லா ஓட்டுவான். இப்ப... வீட்டுல இருக்கான்."

டத்தோ கை கொடுத்தார். "எந்த ஊரு?"

"கோலா கிளாவாங், டத்தோ. வாப்பா அங்க சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு."

"ரொம்ப நல்லது. சொந்தத் தொழில் மாதிரி வராது" என்றார் டத்தோ. அவர் கண்கள் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டன.

நசீர் என்னைப் பார்த்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பத்துப் பொருத்தமும் சரியாக இருக்கிறது என்பதுபோல. இப்போதும் சில நாள் பல் துலக்கும்போது அந்தக் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வரும். துலக்குவதை நிறுத்திவிட்டு நிற்பேன்.

மேடையேறினார்கள். மாலை போட்டது அப்பா. தோள் அளவுக்கு ரோஜா மாலை, டத்தோவின் காது தெரியவில்லை. பிறகு அப்பா மைக்கைப் பிடித்தார். கோயில் வரலாறு, கூரைக்கு நிதி, குடித்துவிட்டு வந்து சண்டை போட வேண்டாம் என்கிற வேண்டுகோள், இத்தோடு முடிப்பார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை.

தோட்டத்தில் ஒரு பழைய நடைமுறை உண்டு. எனக்கு அது மறந்துவிட்டது, அப்பாவுக்கு மறக்கவில்லை. துரையிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அலுவலகத்தில் போய்க் கேட்கக் கூடாது. தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ துரையை வரவழைத்து, மாலை போட்டு, எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும். கழுத்தில் மாலை கிடக்கும்போது எந்த துரையும் முடியாது என்று சொல்ல மாட்டார். லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அப்படித்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போக லோரி வந்ததும் அப்படித்தான். அப்பா நாற்பது வருஷம் பழகிய வித்தை.

"ஐயா, நான் படிக்காதவன்" என்று தொடங்கினார் அப்பா. "குலை அறுத்தவன். இன்னிக்கு எங்க பிள்ளைங்க ஆகாசத்துல போவுதுங்க. ஆனா சம்பளம் கொறைஞ்சுபோச்சுன்னு சொல்லுதுங்க. ஐயாதான் மனசு வைக்கணும். எல்லாப் பிள்ளைங்களுக்கும் பாத்துச் செய்யணும்."

நான் மேடைக்குக் கீழே நின்றபடி அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் காலை உதறிக்கொண்டார்.

டத்தோ எழுந்தார். மாலையைக் கழற்றவே இல்லை. மைக் முன்னால் நின்று ஒரு நிமிடம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தலைவரே, மாலையையும் போட்டுட்டு கேள்வியையும் கேட்டா நான் எப்படி மறுக்கிறது?" கூட்டம் சிரித்தது. "இந்த மண்ணுல வளந்தவன் நானும். சாமி முன்னால சொல்றேன். நம்ம பைலட் பிள்ளைங்க எல்லாருக்கும் சம்பளம் பழையபடி. இதுல உங்க மகன் ரொம்ப ஒத்துழைச்சாரு. பேச்சுவார்த்தைக் குழுவுல இருக்கிறவரு. எங்க அவரு? மேல வாங்க தம்பி."

கைதட்டல் கூடாரத்தைத் தூக்கியது. அறிவிப்பாளர் கணீரென்று, "நமது விமானி குணசேகரன் அவர்கள், சம்பள உயர்வுக்கு நன்றி தெரிவித்துப் பொன்னாடை போர்த்துவார்" என்றார். யாரோ என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். யாரோ கையில் பொன்னாடையைத் திணித்தார்கள்.

எனக்கும் டத்தோவுக்கும் நடுவில் மைக் இருந்தது. வேலை போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஊர் முழுவதும் சாட்சி. மாலை இன்னும் அவர் கழுத்தில் கிடந்தது. அப்பாவின் வித்தைப்படி பார்த்தாலும் அதுதான் சரியான நேரம். நான் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினரை மேடையில் வைத்துச் சங்கடப்படுத்துவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். திங்கட்கிழமை அறையில் பேசிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

பொன்னாடையைப் போர்த்தினேன். அது சிரம்பானில் மொத்தமாக வாங்கிய ரகம், வழவழவென்று இருக்கும். டத்தோ போட்டிருந்தது பட்டு பாத்தேக் சட்டை. ஆடை நிற்காமல் வழுக்கிக்கொண்டு அவர் காலடியில் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நான் குனிந்த அதே கணத்தில் அவருடைய கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கேமரா மின்னியது.

நான் நிமிர்ந்தபோது கூட்டத்தில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கோத்தா பாருவுக்கு ஒரு சுற்று போய்விட்டு வந்து இறங்கிக் கைப்பேசியைத் திறந்தேன். அது என் கையிலேயே துள்ள ஆரம்பித்தது. நிறுவனம் எல்லா விமானிகளுக்கும் அந்தப் படத்தையும் டத்தோ பேசிய காணொளியையும் அனுப்பியிருந்தது. சம்பளப் பேச்சில் நல்ல உடன்பாடு, விமானிகளின் பிரதிநிதி நெகிழ்ச்சியோடு நன்றி, என்று கீழே எழுதியிருந்தார்கள். படத்தில் நான் டத்தோவின் காலில் விழுந்துகொண்டிருந்தேன். அவர் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். நான் விழவில்லை, துணி எடுத்தேன் என்று பாதி விமானிகளுக்குப் பதில் எழுதினேன். எழுத எழுத அது இன்னும் கேவலமாக இருந்தது.

திட்டியவர்களைத் தாங்கிக்கொண்டேன். துரோகி, எலும்புத்துண்டு, இன்னும் தமிழிலும் மலாயிலும் இருக்கிற எல்லாம் வந்தன. என்னை உடைத்தது மற்றவர்கள். 'சம்பளம்தான் கிடைச்சாச்சே, இன்னும் எதுக்கு இழுக்கணும்?' என்று ஒருவர் எழுதினார். அதற்கு அடுத்தவர் ஆமாம் என்றார். அதற்கு அடுத்தவர், வீட்டுக்கடன் கட்டி முடிக்க முடியவில்லை, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் கஷ்டம். நான் கீழே கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனேன். வேலை போனவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

சேவியரைப் பார்க்கப் போனேன். சங்க அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர்ப் பாட்டில், திறக்காமல் இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காசு ஏதாச்சும் வாங்குனியா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்ல கேப்டன்."

"தெரியும். வாங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும். நீ ஒருத்தன் கெட்டவன், மத்தபடி எல்லாம் சரியா இருக்குன்னு பசங்ககிட்ட சொல்லியிருப்பேன்." தண்ணீர்ப் பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அந்த ஆளு கிராணி வீட்டுப் பிள்ளை, தம்பி. நம்ம ஆளுங்க மாலை போட்டா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியும். போட்டோவுல அது எப்படித் தெரியும்னும் தெரியும். உனக்கு ஏன்டா தெரியாமப் போச்சு?"

நசீருக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று பிற்பகல் நடந்த பேச்சுவார்த்தை கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிட்டது. சம்பளத்துக்கு நிர்வாகம் ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஊரறிய நன்றியும் வந்துவிட்டது, ஆட்களைத் திரும்ப எடுப்பதைப் பிறகு ஒரு சமயம் பேசலாம் என்றார் டத்தோ. அன்று என்னிடம் தமிழில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சேவியர் வாக்கெடுப்புக்கு விட்டார். சம்பளத்தை மட்டும் ஏற்றுக்கொள்வதென்று பெரும்பான்மை முடிவு செய்தது. நான் எதிர்த்து வாக்குப் போட்டேன். அடுத்த மாதம் என் சம்பளமும் பழையபடி வந்தது. நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

சேவியர் குழுவிலிருந்து விலகினார். ஓய்வு பெறும்வரை சில முறை நாங்கள் சேர்ந்து பறந்தோம். காற்று, எரிபொருள், உயரம், இவற்றைத் தவிர அவர் என்னிடம் எதையும் பேசியதில்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கை, தோளுக்குத் தோள் இடிக்கும்.

நசீரிடம் நேரில் சொல்ல வேண்டுமென்று மலைப்பாதையில் கோலா கிளாவாங்குக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினான். அந்தப் படம். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி மூலைக்குக் கொண்டுபோனான்.

"நானும் இருக்கேன், பாத்தியா?"

டத்தோவின் முழங்கைக்குப் பின்னால், கூடாரத்தின் ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் அவன் நின்றிருந்தான். இரண்டு கையும் சேர்ந்திருந்தன. கைதட்டிக்கொண்டிருந்தான்.

"நீ ஏன்டா தட்டுன?" என்றேன்.

"எல்லாரும் தட்டுனாங்க மச்சான்" என்றான்.

அவன் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. இரண்டு மாதம் கழித்து அவனுடைய உரிமம் காலாவதியானது. நிறுவனம் புது ஆட்களை எடுத்தது. அவர்களில் சிலரோடு நான் பறக்கிறேன், நல்ல பிள்ளைகள். நசீர் பிறகு என்னிடம் வேலையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. வாப்பா படுத்த படுக்கையான பிறகு கடை முழுவதும் அவன் பொறுப்பு.

தோட்டத்து ஜனங்களுக்கு இந்தக் கதையின் பின்பாதி தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் அப்பா மைக்கைப் பிடித்தார், மறுமாதமே நாட்டிலுள்ள விமானிகளுக்கெல்லாம் சம்பளம் ஏறிவிட்டது. அப்பாவின் புகழ் சிரம்பான் வரை பரவியது. தொழிற்சாலைப் பையன்கள், பாதுகாவலர்கள், ஒரு முறை ஆஸ்பத்திரிக் கூட்டுபவர்கள், எல்லாரும் தங்கள் முதலாளியிடமும் வந்து பேசும்படி அப்பாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது கேட்டு அழிச்சாட்டியம் செய்தால், "மாலையப் போட்டுட்டுக் கேளு" என்பாள் என் மனைவி. என் பிள்ளைகள் துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் கேட்கிறார்கள். உறவுக்காரர் கல்யாணங்களில் என்னைப் பார்த்ததும் ஒருவராவது குனிந்து துணி எடுப்பதுபோல நடிக்காமல் இருப்பதில்லை. நானும் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்கிறேன்.

போன மாதம் அப்பாவை ஜெலுபு பக்கம் ஒரு துக்கத்துக்குக் கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் நசீர் கடையில் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். பக்கத்து மேசையில் நாலைந்து லோரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு ஆள் கிடைத்தால் போதும். மாலையிலிருந்து ஆரம்பித்தார். டத்தோ சிரித்தது, கூட்டம் கைதட்டியது, பொன்னாடை வழுக்கியது எல்லாம் வந்தது. நான் குனிந்த கட்டத்தில் டிரைவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருவர் மேசையைத் தட்டினார்.

நசீர் கல்லாவில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா அவன் பக்கம் கையைக் காட்டினார்.

"இவனும் பைலட்டுதான் தெரியுமா. இவனுக்கும் சேத்துத்தான் அன்னிக்குக் கேட்டேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும்னு சொன்னேன்ல. கம்பெனியில கூப்பிட்டிருப்பாங்க. இவந்தான் வாப்பா கடைய விட்டுட்டு வர மாட்டேன்னுட்டான். அப்படித்தான நசீரு?"

டிரைவர்கள் திரும்பி நசீரைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

"ஆமா மாமா" என்றான் நசீர். "நீங்க நல்லாத்தான் பேசுனீங்க. எனக்குத்தான் கடைய விட மனசு வரல."

அப்பாவுக்குப் பூரிப்பு. "பாத்தீங்களா" என்றார் டிரைவர்களிடம். நசீர் அவருக்கு இன்னொரு தேத்தண்ணீர் ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான். என் தோளைத் தட்டிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிப் போனான். அப்பா கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நசீரும் சிரித்தான், நானும் சிரித்தேன்.